காலி வரிகளில் விழுந்தவர்கள்

அச்சகத்தின் வாசலில் முதல் பெண் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. அவள் கணவன் அதற்குப் பதினோரு நாள் முன்பு இறந்திருந்தான். பன்னிரண்டாம் தொகுதியின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி காலியாக இருந்ததுதான் காரணம். அவள் ஒரு ஆணின் இடது கை உறையை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். முழங்கைவரை வரக்கூடிய தோல் உறை. அதன் விரல் நுனிகளிலிருந்து உப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. படியில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் ஈய எழுத்துகளைக் கழுவிக்கொண்டிருந்த கம்பாசிட்டர் முதலில் உப்பைத்தான் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இங்கதானே பேர் வைக்கிறாங்க?" என்றாள்.

"குழந்தைக்காம்மா? அதுக்கு இங்க இல்ல."

"குழந்தைக்கு இல்லீங்க. எங்க வீட்டுக்காரருக்கு. ஏற்கெனவே வச்சிட்டாங்க. எதுக்கு வச்சாங்கன்னு கேக்கணும்."

அந்த அச்சகத்தில் மாதம் ஒரு தொகுதியாக ஒரு யுத்தக் கதை வந்துகொண்டிருந்தது. ஏழு வாயில்கள் உள்ள ஒரு நகரம், அதைச் சூழ்ந்த படைகள், முற்றுகைக்கு மேல் முற்றுகை. கதையை எழுதியவர் வேறு ஊரில் இருந்தார். கட்டுக்கட்டாகத் தபாலில் அனுப்புவார். ஆனால் வீரர்களின் பதவிப் பெயர்களை அவர் எழுதுவதில்லை. "இங்கே ஒரு தளபதி" என்று எழுதிவிட்டு ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார். அந்தக் கோட்டின் மேல் பெயர் வைப்பது அச்சகத்தில் புரூஃப் பார்த்துவந்த அம்மாளின் வேலை. லத்தீன் மாதிரி இருக்க வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். அவருக்கு லத்தீன் தெரியாது, அம்மாளுக்கும் தெரியாது, வாசகர்களுக்கும் தெரியாது. அதனால் வேலை தடையில்லாமல் நடந்தது. நாளடைவில் எல்லோரும் அவரைப் பேர்க்காரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அவர் அந்த ஓசையைக் கற்றுக்கொண்டது கணவரின் படுக்கையருகில். கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் நின்றுகொண்டு மற்றவர்களை மேலே அனுப்பியவர். அவர் எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் ஆறாம் நம்பர் அறையில் கிடந்தார். மருந்துக் குப்பிகளின் மேல் இருந்த பெயர்களையும், தலைமாட்டில் தொங்கிய அட்டையில் டாக்டர் கிறுக்கியிருந்த வார்த்தைகளையும் பேர்க்காரம்மா எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்ப்பார். ஒரு குப்பியின் தலையையும் இன்னொரு குப்பியின் வாலையும் சேர்த்தால் ஒரு தளபதி கிடைத்தான். கணவர் படுத்தபடியே அந்தப் பெயரைக் கட்டளை போடும் குரலில் சொல்லிப் பார்ப்பார். சொல்லும்போது இருமல் வந்தால் பெயர் சரியில்லை என்று வைத்துக்கொள்வார்கள். வெஸ்பெரியுஸ், தூபிகோரியுஸ், கிளாவிகேர் எல்லாம் அந்த அறையில் பிறந்தவர்கள். அச்சகத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா, படைக்குத் தடவுற களிம்போட பேரைப் படைத்தலைவனுக்கு வச்சிருக்கீங்களே, அரிக்காதா அவனுக்கு?" என்று கேட்டார். கணவர் அதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிப்பதற்கு அவருக்கு மூச்சு இல்லை.

வீழ்ந்தோர் பட்டியல் வந்தது அதற்குப் பிறகுதான். அச்சு வேலையில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். கதை ஃபாரத்தின் கணக்குக்குச் சரியாக வந்து முடிவதில்லை. கடைசிப் பக்கத்தில் ஆறு வரியோ பத்து வரியோ மிச்சம் இருக்கும். முதலாளிக்கு வெற்றுத் தாள் கண்ணில் பட்டால் ஆகாது. "வெள்ளைத் தாளை விக்கிறதுக்கு நாம என்ன நோட்டுப் புஸ்தகக் கடையா நடத்துறோம்?" என்பார். ஒன்பதாம் தொகுதி முடியும்போது ஆறு வரி மிஞ்சியது. ஆறு புதிய வீரர்களின் பெயரைப் போடலாமா என்று பேர்க்காரம்மா கேட்டார்.

"உயிரோட இருக்கிறவனுக்குப் பேர் வச்சா, அடுத்த மாசம் அவனை எங்க கொண்டு போறதுன்னு கதாசிரியர் என் கழுத்தைப் பிடிப்பார்" என்றார் முதலாளி. "செத்தவனுக்குப் பேர் வைங்க. ஒரு தொல்லையும் இல்ல."

அப்படி ஆறு பேர் விழுந்தார்கள். பத்தாம் தொகுதியில் இருபத்திரண்டு பேர், பதினோராம் தொகுதியில் பதினோரு பேர், பன்னிரண்டில் நாலு பேர். கதைக்குள் சாகிறவர்கள் வேறு. அவர்கள் ஒரு வாயிலுக்காகவோ ஒரு சபதத்துக்காகவோ செத்தார்கள். இவர்கள் பக்கம் நிரம்புவதற்காகச் செத்தார்கள். கணவர் போன பிறகு பேர்க்காரம்மாவுக்கு உயிருள்ளவர்களின் பெயர்கள் சட்டென்று வருவதில்லை. இறந்தவர்களின் பெயர்கள் கேட்கும் முன்பே வந்தன. ஒரு பதவிப் பெயர், ஒரு சின்னக் கோடு, அவன் என்ன வேலை பார்த்தான் என்று நாலு வார்த்தை. அவ்வளவுதான். கம்பாசிட்டர் சிறிய எழுத்தில் கோத்துவிடுவார். பன்னிரண்டாம் தொகுதியில்தான் அச்சகத்தின் முகவரி முதல்முறையாகப் பட்டியலுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்துத்தான் உப்புக்காரி வந்திருந்தாள்.

அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். யாரோ வாசகர்கள் விளையாட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்த முதலாளி, அவள் மடியில் குவிந்த உப்பு நாற்காலிக்குக் கீழே இறங்கி, மேஜையின் கால்களைச் சுற்றிக்கொண்டு சுவர்வரை போனதைப் பார்த்த பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். பேர்க்காரம்மா கையில் பேனாவோடு வந்தார். அதை மூடுவதற்கு அன்றும் அதற்குப் பிறகும் அவருக்குத் தோன்றவில்லை.

"சலினாக்தோர், உப்பு வண்டிகளின் காவலர். அது நீங்க வச்சதா அக்கா?"

"ஆமா."

"வீட்ல அவருக்கு வேற பேர் உண்டு. அதைச் சொல்ல மாட்டேன். அது எங்களோடது. அவர் எதுக்குச் செத்தார்னு மட்டும் சொல்லுங்க. காலைல வண்டியோட போனார். சண்டை எதுவும் இல்ல அன்னிக்கு. எதிரியே இல்ல. நடந்துட்டே இருந்தவர் உக்காந்தாராம். அப்புறம் எந்திரிக்கலயாம்."

பேர்க்காரம்மாவுக்குப் பொய் வரவில்லை. "பக்கம் நிரம்பல" என்றார்.

"எத்தனை வரி நிரம்பல?"

"நாலு."

"அதுல அவருக்கு?"

"ஒன்னு."

"ஒரே ஒரு வரியா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் ஒரு சாமானை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறவளைப் போலச் சொன்னாள். அவள் போன பிறகும் அந்த அறையில் இருந்த மூன்று பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முதலாளியின் கை வாயை மூடியபடி இருந்தது. வெளியே யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அந்தச் சத்தம்கூட அவர்களுக்கு வேறு ஊரில் கேட்பது போலத்தான் இருந்தது.

பட்டியலில் இருந்த மற்றவர்களின் வீட்டார் அதன் பிறகு வந்தார்கள். ஊதுகொம்புக்காரனின் மனைவி பேசினால் குரலுக்குப் பதில் கொம்பின் ஓசை வந்தது. அவள் சிலேட்டில் எழுதிக் கேட்டாள். தீப்பந்தம் ஏந்தியவனின் தாய் நின்ற இடத்தில் சுவர் கருகியது. குதிரைகளுக்கு லாடம் அடித்தவனின் இரண்டு தங்கைகள் வந்தார்கள். மாதம் முடியும்போது கம்பாசிட்டர் நான்கு தொகுதிகளையும் எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று வரி, நாற்பத்து மூன்று வீட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. வரிசை அச்சக வாசலிலிருந்து மருந்துக்கடையைத் தாண்டி முக்குவரை நின்றது. தெரு பழகிக்கொண்டது என்று சொல்ல முடியாது. வாய் பிளந்தது பிளந்தபடியே தன் வேலையைப் பார்த்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு பெஞ்சு எடுத்துப் போட்டார். சலவைக்கடைக்காரி தண்ணீர் கொடுத்தாள். வந்தவர்கள் யாரும் சத்தம் போடவில்லை, சாபம் இடவில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பேர்க்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். முப்பதாவது ஆளுக்குப் பிறகு அவர் உதடு மட்டும் அசைந்தது.

பதின்மூன்றாம் தொகுதி அதற்குள் கோத்து முடிந்திருந்தது. முதல் பெண் வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்த பட்டியல் அதன் கடைசியில் முழுப்பக்கமாக இருந்தது. முப்பத்து நாலு வரி. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு மெஷினில் ஏற வேண்டும். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த ஒரு பெண்ணின் கையில் உறையும் இல்லை, கொம்பும் இல்லை. செருப்பு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியது. ஆற்றுத் தண்ணீர், அதில் ஒரு சின்ன மீன்கூட இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் இன்னும் இருக்கார்" என்றாள் அவள். "பாலத்துக் காவல். பொந்தோரியுஸ்னு வச்சிருக்கீங்களாம். நேத்திலேருந்து அவர் பாலத்துல நின்னா ஆத்துல தெரிய மாட்டேங்கிறார். பாலம் தெரியுது, வேல் தெரியுது, அவர் இல்ல. படுத்து எழுந்தா பாய் கசங்கல. என்ன பண்ணிட்டீங்க?"

நேற்றுத்தான் கம்பாசிட்டர் அந்தப் பக்கத்தைக் கோத்திருந்தார். எழுத்து நின்றுவிட்டது, மை இன்னும் படவில்லை. மனுஷன் அந்த அளவுக்குத்தான் போயிருந்தான். பேர்க்காரம்மா எழுந்து போய்த் தன் கையாலேயே அந்த வரியைப் பிடுங்கி எடுத்தார். அவர் பெருமூச்சு விட்டதை எல்லோரும் கேட்டார்கள். காலி இடத்தோடு ஒரு புரூஃப் எடுத்துப் பார்த்தார்கள். தாளில் பொந்தோரியுஸ் அதே இடத்தில் இருந்தான். முதலாளி பக்கம் முழுவதையும் பிரித்துவிட்டு அங்கே ஒரு சோப்பு விளம்பரத்தை வைக்கச் சொன்னார். விளம்பரம் அழகாகத்தான் வந்தது. குளிக்கிற பெண்ணின் முதுகில் பொடி எழுத்தில் முப்பத்து நாலு வரியும் அச்சாகியிருந்தன. அன்று மாலைக்குள் மற்ற முப்பத்து மூன்று வீட்டாரும் வந்துவிட்டார்கள். எல்லோருடைய ஆளும் இன்னும் இருந்தான். ஒருவனுக்கு நிழல் இல்லை, ஒருவன் கூப்பிட்டால் எதிரொலிக்கவில்லை, ஒருவனை அவன் நாய்க்குத் தெரியவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவர் மருந்துக்கடைக்காரர். அவரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. "அந்தப் பக்கத்துக்குச் செத்தவங்கதான வேணும்? உயிரோட இருக்கிறவங்களை எதுக்குப் போட்டு வதைக்கிறீங்க, எங்கப்பாவை எடுத்துக்கங்க, அவர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு" என்று எரிச்சலில் சொன்னார். பேர்க்காரம்மா அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். கல்வத்தில் மருந்து அரைத்தவர், தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்றார் மகன். "மொர்தாரியுஸ் — காயங்களுக்கு மருந்து அரைப்பவர்" என்று கம்பாசிட்டர் கோத்து, ஊதுகொம்பு வரிசையில் இருந்த ஒருவனை எடுத்துவிட்டு அங்கே வைத்தார். புரூஃப் எடுத்தார்கள். மொர்தாரியுஸ் நின்றார். வாசலில் அவனுக்காகக் காத்திருந்த பெண் தன் காலடியில் குவிந்திருந்தது மறைந்துபோனதைக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்து ஓடினாள்.

அதன் பிறகு மூன்று நாளும் தெரு தன் இறந்தவர்களைக் கொண்டுவந்து கொடுத்தது. முதலாளி தன் அண்ணனைக் கொடுத்தார். வீட்டுப் பாகப்பிரிவினையில் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமலே போன அண்ணன். அவருக்கு வாயில் இரண்டாகப் பிரியும் இடத்தில் நிற்கும் பதவி கிடைத்தது. சலவைக்கடைக்காரி இரண்டு கணவர்களைக் கொடுத்தாள். "அடுத்தடுத்த வரியில மட்டும் போட்டுடாதீங்க, அடிச்சுக்குவாங்க" என்றாள். கம்பாசிட்டர் தன் மகளைக் கொடுத்தார். அவளுக்கு மூன்று வயது. கொடி பிடிக்கக் கை எட்டாது என்பதால் கொடியின் நூலைப் பிடித்திருப்பவள் என்று எழுதினார்கள். அந்த வரியை மட்டும் அவர் யாரையும் தொட விடாமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கோத்தார்.

எல்லாச் சாவும் நிற்கவில்லை. பெரிய வீட்டுக்காரர் ஒருவர் தூரத்து உறவில் ஒரு பெரியப்பாவைக் கொடுத்தார். கோத்த எழுத்துகள் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தன. யாரும் தேடாத ஆளை அந்த வரி ஏற்றுக்கொள்ளாது என்று அப்போது தெரிந்தது. அடுத்து வந்தவள் தையல்காரரின் மனைவி. அவள் தெருவே கேட்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். "எங்க மாமியாரை எழுதிக்கங்க. முன்வரிசையில போடுங்க, எதிரி ஓடிடுவான். எப்படியும் உதிரத்தான் போகுது, சும்மா பாப்போம்" என்றாள். எழுத்து உதிரவில்லை. இறுகி நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்துத் தையல்காரர் வந்துதான் அவளை எழுப்பிக் கூட்டிப் போக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு முப்பத்து மூன்று வரி மாறியிருந்தது. பாலத்துக்காரனின் வரி ஒன்றுதான் பாக்கி. வாசலில் முப்பத்து மூன்று இடம் காலியாகி, ஈரச் செருப்புக்காரி ஒருத்திதான் நின்றிருந்தாள். தெருவில் கொடுப்பதற்கு இருந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். பேர்க்காரம்மா மட்டும் கொடுக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பாசிட்டர் ஏற்கெனவே துடைத்த ரோலரைத் திரும்பத் துடைத்தார்.

யாரும் கேட்காத ஒன்றுக்குப் பேர்க்காரம்மா பதில் சொன்னார். "அவர் ஆஸ்பத்திரியில போனார். ஆறாம் நம்பர் ரூம். எட்டு மாசம். ஒவ்வொரு நாளும் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு ஒரு காரணம் இருந்தது, டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். அதையும் எடுத்துட்டு, பக்கம் நிரம்பலன்னு வச்சுக்கணுமா நான்?"

"நான் கேக்கல அக்கா" என்றாள் ஈரச் செருப்புக்காரி. "சும்மா நிக்கிறேன்."

"நிக்கிறியே, அது போதாதா?"

"எங்க போய் நிக்கிறது? அங்க போனா அதைப் பாக்கணும். பாலத்துல போற வண்டியெல்லாம் இப்ப அவருக்குள்ளயே போகுது. அவர் நகரல. காவல் மாத்துற ஆள் வரலயாம். சக்கரம் நெஞ்சுக்குள்ள போறப்போ கண்ணை மட்டும் மூடிக்கிறார்."

பேர்க்காரம்மா அப்போது அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கம்பாசிட்டர் பின்னாளில் சொன்னார். பேர்க்காரம்மாவின் முகத்தில் அழுகை இல்லை, இரக்கம் இல்லை; மாடிப்படியில் ஒரு படி அதிகம் இருப்பதாக நினைத்துக் காலை வைத்தவரின் முகம் அது. பன்னிரண்டு அடிக்கப் பதினேழு நிமிஷம் இருந்தது. அவர் வந்து கம்பாசிட்டரின் கையிலிருந்த எழுத்துக் கோக்கும் சட்டத்தை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவர், ஒருநாளும் ஈய எழுத்தைத் தொட்டதில்லை. இடவலம் மாறிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தார். மருந்துக் குப்பிகளிலிருந்து ஒரு ஓசையும் எடுக்கவில்லை. அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், இருமல் வரவில்லை. "அஸ்கென்தோரியுஸ் — மற்றவர்கள் ஏறி முடிக்கும்வரை ஏணியைப் பிடித்து நிற்பவர்" என்று இருந்தது.

வரியை ஃபாரத்தில் வைத்து இறுக்கினார்கள். அது அசையவில்லை. வாசலில் தேங்கியிருந்த தண்ணீர் தரைக்குள் இறங்கிப் போனது. சின்ன மீன் துள்ளுவதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் ஒரு கண்ணாடிச் சீசாவோடு ஓடிவந்தார். ஈரச் செருப்புக்காரி தன் காய்ந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓடியது.

பதினோரு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, தெருக்காரர்கள் அச்சக வாசலில் வரிசையாக நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மருந்துக்கடைக்காரர் கடைக்கு மருந்து வாங்க வந்தவரை நிற்க வைத்துவிட்டுப் பாதியில் இறங்கி வந்திருந்தார், கையில் அப்பாவின் கல்வம். சலவைக்கடைக்காரியின் இரண்டு தோள்களிலும் இரண்டு சட்டைகள். தையல்காரரின் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தாள். தாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் அப்பாவின் கண்ணைத் தன் கையாலேயே மூடியவர் மருந்துக்கடைக்காரர். அவர்தான் முதலில் மேஜைக்கு முன்னால் வந்தார். "எங்கப்பா எப்படிம்மா போனார்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தானே திடுக்கிட்டார்.

பேர்க்காரம்மாவின் வாய் பழக்கத்தில் பழைய பதிலுக்குத் திறந்தது. திறந்தபடி கொஞ்சம் நின்றது. பிறகு சொன்னார்: "கடைசி ஆளோட காயத்துக்குக் கட்டுப் போடுற வரைக்கும் அரைச்சுட்டே இருந்தார். அப்புறம் கையைத் துடைச்சார். தோள் வலிக்குதுன்னார். அப்படியே சாஞ்சுட்டார்." மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். தோள் வலி அவருக்கு உண்டுதான் என்றார். முதலாளியிடம், அண்ணன் இரண்டு வாயிலுக்கும் நடுவில் நின்று தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்ததாகவும், சத்தத்தில் அது கேட்டிருக்காது என்றும் சொன்னார். கம்பாசிட்டரிடம், நூலை அவள் கடைசிவரை விடவில்லை என்று மட்டும் சொன்னார். இப்படி முப்பத்து மூன்று வரிக்கும் சொல்லி முடித்தார். எல்லாம் முடிந்ததும் எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, வரிசையின் இடத்தில் நின்றார். கையில் ஒரு பித்தளைச் சாவி இருந்தது. லிஃப்ட் குழியின் கதவைத் திறக்கும் சாவி. எதிரே நாற்காலி காலியாக இருந்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கம்பாசிட்டர் ஒரு அடி எடுத்து வைத்தார், அதற்கு மேல் கால் வரவில்லை.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாலத்துக்காரி வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நெடுநெடுவென்று ஒருவன் நின்றிருந்தான். மருந்துக்கடையின் கண்ணாடியில் அவன் முழுசாகத் தெரிந்தான். அவள் நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கக்கா."

"எங்க வீட்டுக்காரர் எப்படிப் போனார்?" என்று கேட்டார் பேர்க்காரம்மா.

"ஏணியைப் பிடிச்சிட்டு நின்னார். முப்பத்து மூணு பேர் ஏறினாங்க. நீங்களும் ஏறுங்கண்ணான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். நீ முதல்ல போப்பா, எனக்கு இது பழக்கம்னாராம். எங்க வீட்டுக்காரர் ஏறினப்புறம் கீழ பிடிச்சிக்க ஆள் இல்ல."

"ரொம்ப நேரம் ஆச்சா?"

"இல்லக்கா. எட்டு மாசமெல்லாம் ஆகல. ஒரு நிமிஷம்."

பேர்க்காரம்மா சாவியை மேஜைமேல் வைத்தார். இத்தனை நாளும் மூடாமல் வைத்திருந்த பேனாவை எடுத்து மூடினார்.

அந்த யுத்தக் கதை அதன் பிறகு இருபத்தொரு வருஷம் வந்தது. பழைய நாற்பத்து மூன்று வீட்டாரையும் பேர்க்காரம்மா ஒவ்வொருவராகத் திரும்ப வரச் சொல்லி, அவர்களுடைய ஆள் எப்படிப் போனான் என்று சொல்லி அனுப்பினார். உப்புக்காரி மட்டும் இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் அதையே கேட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு தொகுதியிலும் காலி வரி விழுந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் தங்கள் இறந்தவர்களைக் கொண்டுவந்தார்கள். முன்பதிவு செய்ய ஒரு நோட்டு வைக்க வேண்டியதாயிற்று. பேர்க்காரம்மா ஒரு மழைக்காலத்தில் தூக்கத்தில் போனார். அந்த மாதம் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி மிஞ்சியிருந்தது. அதற்குப் பெயர் வைக்கக் கம்பாசிட்டருக்கு மூன்று நாள் ஆயிற்று. அவர் வாழ்நாளில் பெயர் வைத்தவரில்லை. "நொமினாரியா — காலி வரியில் நின்றவர்" என்று கோத்தார். எழுத்து இறுகி நின்றது. பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை வரிசை முக்கைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனது. அதில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள் இல்லை. தெருவெல்லாம் உப்பு. இப்போது அதை யாரும் பெருக்குவதில்லை, மிதித்துக்கொண்டே போய் வருகிறோம். மருந்துக்கடைச் சீசாவில் அந்த மீன் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.